கரும்பலகையின் அந்தப் பக்கம்

பயிற்சி தொடங்கிய மறுவாரமே ஜெசிந்தாவின் இடது காது தோளைத் தொட்டுவிட்டது. என் காது சேரும்போது இருந்த அளவிலேயே இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் உளவியல் படித்தோம். ஒரே பள்ளிக்கு ஆலோசகர் பயிற்சிக்கு வந்தோம். பிள்ளைகள் வந்து மனதில் உள்ளதைச் சொல்வார்கள். நாங்கள் கேட்க வேண்டும். கேட்கக் கேட்கக் காது வளரும். பயிற்சி முடியும்போது காது தோளைத் தொட்டிருக்க வேண்டும். தொடாதவர்களை மைக் செட் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஜெசிந்தா காதை மடித்துத் தோளில் சேப்டி பின் குத்தியிருந்தாள். துப்பட்டாவும் காதும் ஒரே பின்னில் இருந்தன. பார்க்க நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, காது கனக்கு. ஒருக்களிச்சுப் படுக்கவே முடியல," என்றாள்.

எனக்கும் படுக்க முடியவில்லை என்றேன். அது உண்மைதான். காரணம் வேறு.

பள்ளியில் எங்களுக்கென்று அறை இல்லை. மாடியில் ஒரு வகுப்பறையைக் கொடுத்தார்கள். நடுவில் பெரிய கரும்பலகை ஒன்றை நிறுத்தி அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பலகையின் கறுப்புப் பக்கம் ஜெசிந்தாவுக்குப் போனது. என் பக்கம் அதன் முதுகு இருந்தது. வெறும் மரம். ஆணிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவளுக்கு ஜன்னல் கிடைத்தது. எனக்கு ஓர் உலக உருண்டை கிடைத்தது. அது சுற்றாது.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு. இரண்டும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்து இருந்தன. ஆனால் ஜெசிந்தாவிடம் வருகிறவர்களுக்கு வராந்தா சின்னதாக இருந்தது. என்னிடம் வருகிறவர்களுக்கு நீண்டுகொண்டே போனது. என்னைப் பார்க்கப் புறப்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் பாதி வழியில் பத்தாம் வகுப்புக்குத் தேறிவிட்டான். அவனுடைய பிரச்சினை ஒன்பதாம் வகுப்பைப் பற்றியது. அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

எங்கள் மேற்பார்வையாளர் கோமதிநாயகம் சார். அவர் முதல் நாளிலிருந்தே வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். தையல்காரரைப் போல் கழுத்தில் அளவு நாடா போட்டிருந்தார். வந்து சேர்ந்ததும் காதை அளப்பார். தூரத்தில் அவர் ஒரு பென்சில் அளவு தெரிந்தார். குரல் மட்டும் முன்னாலேயே வந்துவிடும்.

"புத்தி சொல்லாதீங்கம்மா," என்றது குரல். "பிள்ள பேசலன்னா நீங்களும் பேசாதீங்க. மௌனத்தத் தாங்கிப் பழகுங்க. ஒரு 'ம்' போதும்."

ஜெசிந்தாவின் 'ம்' பலகையைத் தாண்டி எனக்குக் கேட்கும். அது பாய் விரிப்பதுபோல் இருக்கும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்துகொள்வார்கள். நானும் 'ம்' சொல்லிப் பார்த்தேன். என்னுடையது வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவதுபோல் இருந்தது.

வராந்தாவைக் கடந்து என்னிடம் முதலில் வந்து சேர்ந்தவன் ஓர் ஆறாம் வகுப்புப் பையன். பக்கத்தில் உட்காரும் நண்பன் தன்னிடம் பேசுவதில்லை என்று சொல்லத் தொடங்கினான். அவன் முடிக்கும் முன்பே நான் நாலைந்து யோசனைகள் சொன்னேன். எல்லாமே நல்ல யோசனைகள். அவன் நன்றி மிஸ் என்று எழுந்து போனான். அப்போது என் இடது காது கொஞ்சம் சுருங்கியது. தோடு கழன்று மேசையில் விழுந்தது. எடுத்துத் திருகாணியை இறுக்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் காதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் கிடந்த பூட்டு. கொஞ்சம் நீண்டதுபோல் இருந்தது.

"பாம்படம் போட்டு நீட்டுன காது செல்லாதும்மா," என்றது வராந்தாவிலிருந்து சாரின் குரல்.

பூட்டைக் கழற்றிவிட்டேன்.

ஜெசிந்தாவின் கதவுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் அந்த வரிசையில் தலைமையாசிரியையும் நின்றார். அவருக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் முண்டவில்லை. தன் முறை வந்ததும் உள்ளே போய் நெடுநேரம் பேசினார். வெளியே வரும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து, உலக உருண்டை பத்திரம் என்றார்.

என்னிடம் தானாக வந்தவள் முப்பிடாதி மட்டும்தான்.

அவள் எட்டாம் வகுப்பு. யாரும் அவளை அனுப்பவில்லை. வராந்தா அவளை எப்படி விட்டது என்றும் தெரியவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. மணி அடித்ததும் எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள். பேசவில்லை. வகுப்பிலும் அவள் பேசுவதில்லை என்று அவளுடைய டீச்சர் சொன்னார். போன வருடம் வரை பேசிக்கொண்டிருந்தாளாம். இப்போது அவள் வாய் இருக்கும் இடத்தைப் பார்த்து ஆஜர் போட்டுக்கொள்கிறார்களாம்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பள்ளிக்கூடம் முழுக்க ஜெசிந்தாவிடம் போகட்டும். இவள் ஒருத்தி என்னிடம் ஒரு வாக்கியம் பேசினால் போதும். காது வளர்வதுகூட அதற்கு அப்புறம்தான்.

ஆனால் மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. மௌனம் நாற்காலிக்கு அடியிலிருந்து மெல்ல ஏறும். முழங்கால் வரை வந்ததும் நான் பேசிவிடுவேன். பரீட்சை பயமா என்று கேட்டேன். தலையாட்டினாள், இல்லை. வீட்டில் ஏதாவதா என்றேன். யாராவது கேலி செய்கிறார்களா என்றேன். கணக்கா, அறிவியலா என்றேன். சரியான விடையைத் தேர்ந்தெடு என்பதுபோல் ஒவ்வொன்றாக வைத்தேன். அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. என் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் வரவில்லை.

நாற்காலி காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஆனாலும் யாருடையது என்று உடனே தெரிந்தது.

எழுந்து போய் இடது காதைப் பலகையின் முதுகில் வைத்தேன். எங்கள் தொழிலில் இது ஆகாது. ஒருவரிடம் பிள்ளை சொல்வது இன்னொருவர் காதில் விழக் கூடாது. முதல் பாடமே அதுதான். பாடம் நினைவுக்கு வந்தது. காதை இன்னும் அழுத்தினேன்.

வார்த்தைகள் புரியவில்லை. ஜெசிந்தாவின் 'ம்' மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்போது காது வளரத் தொடங்கியது.

அது தோளை நோக்கி வளரவில்லை. பலகைக்குள் வளர்ந்தது. மரம் வழிவிட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது காது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்மேல் ஜன்னல் காற்று பட்டது. எனக்குக் கிடைக்காத காற்று.

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவோடு என் கதவில் எட்டிப் பார்த்தாள். நான் தலையைப் பலகையில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, ஒன் காது எம் பக்கத்துப் போர்டுல வந்திருக்கு."

"அது என் காது இல்ல."

"ஒன் தோடு கெடக்கேட்டி."

"அந்த மாதிரித் தோடு நெறய பேரு போடுதாங்க."

ஜெசிந்தா என் தலையைப் பார்த்தாள். அது ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"சரி, சவத்த விடு. சாப்டுதியா? அம்மா மீன் வறுத்துக் குடுத்திருக்கு," என்றாள்.

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். என் காதுதான் என்று சொன்னால் ஒட்டுக்கேட்டேன் என்றும் சொன்னதாகிவிடும். பயிற்சியிலிருந்து அன்றே அனுப்பிவிடுவார்கள். அதனால் காதை விட்டுக்கொடுத்தேன். ஜெசிந்தா என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அவள் நல்லவள். அதற்காகவும் அவள்மேல் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் தலையை இழுத்தேன். தலை வந்தது. காது வரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பஸ்ஸில் இடது பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது. மறுநாள் வந்து தலையைச் சரியான இடத்தில் சேர்த்து வைத்தேன். காது பழையபடி கேட்டது.

பிள்ளைகளுக்குப் பலகைக் காதைப் பிடித்துப்போயிற்று. அது புருவத்தைத் தூக்காது. கடிகாரத்தைப் பார்க்காது. அவர்கள் ஜெசிந்தாவிடம் கேட்டுக்கொண்டு பலகையருகே போய்ப் பேசினார்கள். ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தன் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். முதல் பாடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

என் வாய் இந்தப் பக்கம் இருந்தது. யோசனை சொன்னால் உலக உருண்டைக்குத்தான் கேட்கும். அதனால் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். காது வேகமாக வளர்ந்தது. ஜெசிந்தாவின் அறையில் வளர்ந்தது.

டஸ்டர் இரவல் வாங்கும் சாக்கில் ஒரு முறை போய்ப் பார்த்தேன். காது பலகையிலிருந்து வாழையிலைபோல் தொங்கியது. யாரோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். முகம் என்னைப் போல் இல்லை. என்னைவிட லட்சணமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. பலகையைத் துடைக்கும்போது முகத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பதாக ஜெசிந்தா சொன்னாள்.

முப்பிடாதி மறுபடி என்னிடம் வரத் தொடங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசவில்லை. மணி அடித்ததும் எழுந்து வெளியே போனாள். பக்கத்துக் கதவு திறந்தது. பலகையருகே காலடி வந்து நின்றது. பிறகு அவள் என் காதிடம் பேசினாள்.

அவளுடைய அம்மா சென்னையில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். முப்பிடாதி சித்தி வீட்டில் இருக்கிறாள்.

"அம்மா டெய்லி போன் போடுவாங்க," என்றாள். "நல்லாருக்கேன், சாப்ட்டேன், படிக்கேன்னு சொல்லுவேன். அதுலயே என் வார்த்த எல்லாம் தீந்துரும். கிளாஸ்ல பேசதுக்கு மிச்சமே இருக்காது."

இதை அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பக்கம் ஒரு மிஸ் இருக்காங்க," என்று அவள் தொடர்ந்தாள். "நல்ல மிஸ்தான். ஆனா நாம வாயத் தொறக்கதுக்குள்ள அவங்களே பதிலச் சொல்லிருதாங்க. பாவம், யாருமே அவங்ககிட்ட போறதில்ல. அதான் நான் போய் இருந்துட்டு வாரேன். அவங்ககிட்ட சொல்லிராத, என்ன?"

சொல்ல மாட்டேன் என்று காது அசைந்தது. நான் அசைக்கவில்லை.

அன்றிலிருந்து ஜெசிந்தாமேல் இருந்த பொறாமை பாதியாகக் குறைந்தது. மறு பாதி என் காதின்மேல் போய் ஏறிக்கொண்டது.

காலையில் என் பஸ் வருவதற்கு முன்பே முப்பிடாதி பள்ளிக்கு வந்துவிடுவாள் என்று தெரிந்தது. நான் வந்து தலையைப் பலகையில் வைக்கும்போது காது சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் அதனிடம் பேசியிருந்தார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். காது பதில் சொல்லவில்லை. நான்தானே கேட்கிறேன் என்றேன். என் தலையில்தானே பிறந்தாய் என்றேன். அப்போதும் சொல்லவில்லை. அது நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தேன். காது அப்போதும் சூடாக இருந்தது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் கோமதிநாயகம் சார் ஜெசிந்தாவின் அறைக்கு வந்து சேர்ந்தார். அருகில் அவர் மிகவும் உயரமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலி நெடுநேரம் முனகியது. ஜெசிந்தாவின் காதை அளந்தார். நல்லாருக்கும்மா என்றார். பிறகு அவருடைய குரல் பலகைக்கு அருகில் வந்தது.

"இது யாருது?"

ஜெசிந்தா என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது.

"தெரியல சார். போர்டுலயே வந்துச்சு."

"அப்பம் ரூமோட சேத்திதான். ஒங்க கணக்குல போட்டுக்கிடுதேன்."

நாடா காதில் பட்டது. குளிர்ந்தது. அவர் ஒரு முறை அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார்.

"இந்த மாதிரி ஒரு காத நான் பாத்ததே இல்லம்மா," என்றார்.

என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. பாராட்டு ஜெசிந்தாவுக்குப் போனது. அவள் தயங்கி, தேங்க்ஸ் சார் என்றாள். அவள் தயங்கியது எனக்குக் கேட்டது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் காது என்னுடையது என்று சொல்ல யாரும் இல்லை.

சார் என் அறைக்குப் புறப்பட்டார். பக்கத்துக் கதவுதான். வராந்தா அவருக்கும் நீண்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து, வெகுதூரம் போய், பிறகு என்னை நோக்கித் திரும்பியது. ஜெசிந்தா கை கழுவக் கீழே போனாள்.

எனக்கு அவகாசம் இருந்தது. காதைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டால் போதும். தோளைத் தாண்டி இடுப்பு வரை தொங்கும். ஒட்டுக்கேட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை. பலகையின் முதுகில் கையை ஊன்றினேன்.

அப்போது அந்தப் பக்கம் முப்பிடாதி வந்தாள்.

"நேத்து அம்மா வீடியோ கால் போட்டாங்க," என்றாள். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "அந்தப் பாப்பா அம்மா இடுப்புல இருந்துச்சு. அம்மா அதுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே எங்கிட்ட பேசுனாங்க. உருண்ட உருட்டி, ஊதி ஊதி. எங்கிட்ட சாப்ட்டியான்னு கேட்டாங்க. ஆனா அதப் பாத்துதான் கேட்டாங்க. எனக்கு அந்தப் பாப்பா மேல..."

நிறுத்தினாள். அது அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அதை உள்ளேயிருந்து திரட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். காது அவளை நோக்கிக் கொஞ்சம் குனிந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்களின் சூடு எனக்குத் தெரிந்தது. அவள் பிடித்திருந்தது என்னை இல்லை.

இழுத்தேன்.

பிடுங்குவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாளியிலிருந்து துணியை எடுப்பதுபோல் எளிதாக வந்தது. மடியில் விழுந்தது. அந்த வார்த்தை எனக்குக் கேட்கவில்லை. அவள் அதைச் சொன்னாளா என்றும் தெரியவில்லை.

பலகையில் ஒரு துளை இருந்தது. துளையில் ஒரு கண் வந்தது. அது என்னைப் பார்த்தது. என் மடியில் கிடந்த காதைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. இனி இவள் எந்த அறைக்கும் வர மாட்டாள் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்வதற்குக்கூட வார்த்தை மிச்சம் இருக்காது என்று நினைத்தேன்.

கோமதிநாயகம் சார் உள்ளே வந்தார். கேட்காமலேயே மடியில் கிடந்த காதை அளந்தார். என் இடது பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னார். தேறிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மைக் செட் கடையின் முகவரியைச் சொல்லியிருக்கலாம். இடது பக்கத்தில் எனக்குக் காது இல்லை. அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

துளையிலிருந்து கண் விலகியது. வாய் வந்தது.

"அது ஒங்க காதா மிஸ்?"

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். என் வலது காதில் சின்னதாகக் கேட்டது.

"ஆமா," என்றேன்.

"எதுக்கு எடுத்தீங்க?"

என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. பயிற்சி, நாடா, கடைசி வாரம். எல்லாமே நல்ல காரணங்கள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வாய் துளையில் காத்திருந்தது. அது எனக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விலகியது.

துளையில் ஒரு காது வந்து பொருந்தியது. சின்னக் காது. கம்மல் இல்லை. காது குத்திய துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது.

நான் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தேன். வாயை அதன் அருகில் கொண்டுபோனேன்.

"எனக்குப் பொறாம," என்றேன். "ஜெசிந்தா மிஸ் மேல. அப்பறம் என் காது மேல. நீ அதுகிட்ட மட்டுந்தான் பேசுத."

காது அசையவில்லை. மேலே சொன்னேன். கறுப்புப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பற்றியும், சாக்பீஸ் முகத்தைப் பற்றியும், வறுத்த மீனை வேண்டாம் என்றதைப் பற்றியும் சொன்னேன். அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல அந்தக் காது வளர்ந்தது. துளையை நிறைத்தது. என் பக்கம் வழிந்து, ஆணிகளை விலக்கிக்கொண்டு, பலகையின் முதுகில் இறங்கியது. என்னுடையதைவிட வேகமாக வளர்ந்தது.

அதையும் அவளிடம் சொன்னேன்.